பீர் காய்ச்சும் சாமான்களைக் குளிர்காலத்தில் எங்கே வைப்பது? கராஜ், வெண்டி ஹவுஸ், உள்ளறை, வாடகைக் கிடங்கு

மே மாதம் பிறந்ததும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் வீட்டில் பீர் போடுகிறவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். ஹீட்டர் இல்லாத இடத்தில் கெட்டில் (காய்ச்சும் பானை), கெக் (பீர் நிரப்பும் ஸ்டீல் பீப்பாய்), சில்லர் (காய்ச்சியதை ஆறவைக்கும் கருவி) எல்லாவற்றையும் மூன்று நான்கு மாதம் போட்டு வைத்தால் கெட்டுப்போகாதா? போன வாரமும் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்குக் கராஜா வெண்டி ஹவுஸா (கொல்லை மரக்குடில்) என்று குழப்பம். இன்னொருவர் வாடகைக் கிடங்குக்கு முன்பணம் கட்டப் போகிற நேரத்தில் கேட்டார்.

நம் வீடுகளில் சாமானை ஒதுக்கி வைக்கக் குளிர் மட்டும் காரணமில்லை. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. கோயிலிலும் வீட்டிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், பலர் விரதம் இருப்பார்கள், அந்த வீட்டில் பீர் வாடையே வரக்கூடாது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி வந்துவிடும், அதுவும் அக்டோபர் நடு வரை போகும். ஆக, மற்றவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால், விரதம் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு இது ஐந்து மாதக் கணக்கு. இது எந்த இடம் ஜெயிக்கும் என்பதையே மாற்றிவிடும், கீழே சொல்கிறேன்.

## உங்கள் ஊர்க் குளிர் எது?

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் ஊருக்கு ஊர் வேறு. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் பகலில் 16, 17 டிகிரி வெயில், இரவில் 4 டிகிரி, சில இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே. காற்று காய்ந்து கிடக்கும், மழையே இருக்காது. பிரிட்டோரியா, லாடியம் பக்கம் தாழ்வு, அதனால் கொஞ்சம் கதகதப்பு. புளூம்பொன்டைனில் ஜூலை இரவுகள் சராசரியாகவே பூஜ்யத்துக்குக் கீழே. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தில் இருப்பதால் அங்கும் உறைபனி விழும்.

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் எதுவும் உறையாது. அங்கே எதிரி கடல் காற்றின் உப்பு. கேப் டவுனில் குளிர்காலம்தான் மழைக்காலம், அதனால் உறைவதைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுப் பூஞ்சையைப் பற்றிக் கவலைப்படுங்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய மேட்டுச் சமவெளி) வீடுகளை மனதில் வைத்து எழுதியது.

## எதை வைத்து முடிவு செய்வது

உறைதல். குளிர் தானாக எதையும் உடைப்பதில்லை. ஸ்டீல் கெட்டிலுக்கு மைனஸ் 5 டிகிரி ஒன்றுமே இல்லை, சிலிக்கான் குழாய்க்கும் அப்படித்தான். உடைப்பது உள்ளே தங்கிய தண்ணீர். தண்ணீர் உறையும்போது கனஅளவில் சுமார் 9 சதவீதம் விரியும், அதை எந்தச் செம்பும் கண்ணாடியும் தடுக்க முடியாது.

தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. செம்புச் சுருள் சில்லரைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் தண்ணீர் முழுக்க வெளியேறாது, ஒவ்வொரு சுற்றின் அடியிலும் கொஞ்சம் நிற்கும். சுருளைச் சக்கரம்போல நிறுத்தி, ஒரே திசையில் உருட்டி உருட்டி வடிக்க வேண்டும், அப்புறம் ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினாலே போதும். மறுமுனையில் வெறும் காற்று வரும் வரை ஊதுங்கள். பிளேட் சில்லர் இன்னும் மோசம், உள்ளே தகடுகளுக்கு நடுவே இருப்பது கண்ணுக்கே தெரியாது. அதைத் துளைகள் கீழே பார்க்கும்படி இரண்டு மூன்று நாள் நிறுத்தி, இடையிடையே திருப்பி வையுங்கள். பம்பின் தலையைக் கழற்றிவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது கெட்டில் அடியில் இருக்கும் பால் வால்வில் (உருண்டை வைத்துத் திறந்து மூடும் வால்வு). வால்வை மூடினாலும் முழுக்கத் திறந்தாலும், உள்ளே இருக்கும் உருண்டைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே ஒரு வாய்த் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். கைப்பிடியைப் பாதியில், சாய்வாக நிறுத்தினால் அது வடிந்துவிடும். முடிந்தால் வால்வையே பிரித்துப் பாருங்கள். போன வருஷத்து வோர்ட் (இன்னும் புளிக்காத இனிப்புச் சாறு) பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால், உறைதலைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய செய்தியாக இருக்கும்.

ஈரம். ஈரத்தோடு மூடி வைத்த பிளாஸ்டிக் ஃபெர்மென்டரில் (பீரைப் புளிக்கவிடும் வாளி) ஒரு முடை வாடை ஏறும், அதைக் கழுவி எடுக்க முடியாது. எல்லாவற்றையும் காயவைத்து, மூடியை இறுக்காமல் வையுங்கள்.

பக்கத்தில் என்ன இருக்கிறது. இதை யாரும் யோசிப்பதில்லை. பிளாஸ்டிக் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்: பெட்ரோல், பாரஃபின், பெயின்ட், கற்பூரம், மசாலா. நீச்சல் குளம் இருக்கிற வீடுகளில் குளத்துக் குளோரினும் ஆசிடும் கராஜ் அலமாரியில்தான் இருக்கும். அந்த ஆவி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரிக்கும். லெனேசியாவில் ஒரு நண்பர் வீட்டில் கெக் வெல்டிங் ஓரமாக ஊசி குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. மேல் தட்டில் ஆசிட் கேன், மூடி சரியாக இறுகாமல் இருந்தது. குளிர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார்.

காஸ். கெக் பீருக்கு அழுத்தம் கொடுக்கும் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டருக்குத் தனிக் கணக்கு, கீழே வருகிறது.

எத்தனை மாதம், எவ்வளவு செலவு, வீட்டில் சண்டை வருமா. மூன்றையும் ஒன்றாகவே வைத்துப் பாருங்கள், ஒன்று மற்றொன்றை இழுக்கும்.

## எங்கே வைத்தாலும் சரி, இவை மட்டும் வீட்டுக்குள்

புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டர் முதலில். அதன் கண்ணாடி முனை காயவும் கூடாது, உறையவும் கூடாது, அதற்கான திரவத்தில் நனைந்தபடி அலமாரியில் இருக்கட்டும். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டால் கெட்டுவிடும். ஹைட்ரோமீட்டரும் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழல்) வீட்டுக்குள் வரட்டும், அது குளிரால் உடையாது என்றாலும் கராஜில் யாராவது அதன் மேல் எதையாவது வைப்பார்கள். திரவ ஈஸ்ட் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், உறைந்தால் செல்கள் கிழிந்து செத்துப்போகும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) நேர்மாறு: காற்று புகாத பையில் ஃபிரீசரில் எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஜார்ஜ் ஊர்ப் பக்கத்து ஹாப்ஸ் பிப்ரவரி மார்ச்சில் பறிப்பு முடிந்து வருவதால், குளிர்காலத்துக்கு முன் வாங்கிச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மால்ட்டுக்கு (முளைகட்டிக் காயவைத்த பார்லி) குளிர் பிரச்சினையில்லை, எலிதான். குளிர் தொடங்கியதும் வெளியே இருக்கும் எலிகள் உள்ளே இடம் தேடும். பையோடு வைக்காதீர்கள், இறுக மூடும் டின்னில் போடுங்கள்.

## 1. கராஜ்

செங்கல் சுவர், வீட்டோடு ஒட்டியது என்றால் இதுதான் ஹைவெல்ட்டில் பெரும்பாலோருக்கு ஏற்ற இடம். வெளியே பூஜ்யம் என்றாலும் உள்ளே பொதுவாகச் சில டிகிரி கூடவே இருக்கும். ஆனால் கராஜ் முழுக்க ஒரே குளிர் இல்லை. கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில்தான் இரவுக் காற்று நுழையும், அந்த ஓரத்துத் தரைதான் மிகக் குளிரானது. சமையலறையோடு பொதுச்சுவர் இருக்கும் மூலை மிகக் கதகதப்பானது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி, சாமான் வைக்கப்போகும் இடத்தில் ஜூன் மாதக் கடுங்குளிர் இரவு ஒன்றில் வைத்துப் பாருங்கள். காலையில் மேலே கண்ணாடிபோல் ஒரு படலம் இருந்தால் வேறு மூலை தேட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: தட்டு போட்டு உயர்த்தி வைப்பது, குளத்து ரசாயனங்களை வேறு இடத்துக்கு மாற்றுவது, ஒரு எலிப்பொறி. அப்புறம் ஆடி மாதத்தில் கூழ்ப் பானைகளும் பெரிய அடுப்பும் கராஜிலிருந்துதான் வெளியே வரும். அந்த வழியை மறித்து உங்கள் கெக் நின்றால் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கராஜில் பீர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் எஸ்என், என், எஸ்டி, டி என்று ஒரு வகுப்பு இருக்கும். என், எஸ்டி, டி மூன்றும் அறையில் குறைந்தது 16 டிகிரி இருக்கும் என்று வைத்துச் செய்தவை, எஸ்என் 10 டிகிரி வரை தாங்கும். அதற்குக் கீழே போனால், ஒரே தெர்மோஸ்டாட் உள்ள ஃபிரிட்ஜ், 'உள்ளே போதுமான குளிர் இருக்கிறதே' என்று மோட்டாரை ஓட்டாமல் விட்டுவிடும். மேலே ஃபிரீசரில் இருக்கும் ஹாப்ஸ் மெதுவாக இளகும். ஃபிரிட்ஜை அணைத்துவைக்கப் போகிறீர்கள் என்றால், துடைத்து, கதவில் ஒரு கட்டையைச் செருகித் திறந்தே வையுங்கள்.

எப்போது இது சரி: சொந்த வீடு, செங்கல் கராஜ், குளத்து ஆசிடுக்கு வேறு இடம் உண்டு.

## 2. வெண்டி ஹவுஸ்

கொல்லையில் நிற்கும் மரக்குடில். நம் ஊரில் பலர் இதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள், ஏனென்றால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை, பீர் சாமான் சாமி அறையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

ஆனால் பலகைச் சுவர் மெல்லியது, மேலே தகரம். மேகமில்லாத ஹைவெல்ட் இரவில் தகரக் கூரை வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில் உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒரே குளிர். பகலில் அதே தகரம் வெயிலில் சூடாகும். ஒவ்வொரு நாளும் இப்படி ஏறி இறங்குவதால் பிளாஸ்டிக்கும் ரப்பர் சீலும் சீக்கிரம் தளரும், ஓ-ரிங்குகளைக் கழற்றி உள்ளே வைப்பது உத்தமம்.

கண்ணாடிக் கார்பாய் (பெரிய கண்ணாடிக் குடுவை) வைத்திருப்பவர்கள் அதன் அடியில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூட விட்டுவைக்கக் கூடாது. பீர் நிரம்பிய பாட்டில்களை இங்கே வைக்கவே வேண்டாம். ஐந்து சதவீத ஆல்கஹால் உள்ள பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். புதிதாகப் பாட்டிலில் அடைத்ததாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: நுரை கட்ட அதற்கு இரண்டு வாரம் 18, 20 டிகிரி வேண்டும். குளிரில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், ஆகஸ்டில் திறந்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு பூட்டு. கொல்லைக் குடிலில் ஸ்டெயின்லெஸ் கெட்டில், செம்புச் சுருள், பம்ப் என்று வைத்தால், செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக் காப்பீடு வெளிக்கட்டடத்துக்கு என்ன சொல்கிறது என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பார்க்டவுன் பிரான் (இங்கே தோட்டங்களில் வரும் பெரிய பூச்சி) வந்து கெக் மேல் உட்கார்ந்திருந்தால் அது செலவில்லை, அதிர்ச்சி மட்டும்தான்.

அப்புறம் மழை. ஹைவெல்ட்டில் அக்டோபரில் இடியோடு மழை தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் வைக்கிறவருக்கு வெண்டி ஹவுஸ் காய்ந்த பெட்டி, பரவாயில்லை. புரட்டாசி முடியும் வரை வைக்கிறவருக்குக் கடைசிச் சில வாரங்களில் கூரை ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எப்போது இது சரி: சாமான் எல்லாம் ஸ்டீல், காலி, காய்ந்தது, ஆகஸ்ட் முடிந்ததும் எடுத்துவிடுவீர்கள்.

## 3. வீட்டுக்குள், காலி அறை அல்லது அலமாரி

இங்கே வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது என்பதால் 'வீட்டுக்குள்' என்றாலும் கொஞ்சம் குளிர்தான், ஆனால் உறையாது. ஃபெர்மென்டர், குழாய், கண்ணாடி, அளக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் இதுவே பாதுகாப்பு.

காஸ் ஹீட்டர் எரிகிற அறையில் மட்டும் யோசியுங்கள். ஒரு கிலோ காஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் கலக்கும். அது போய்ப் படிவது வெளிச்சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகையில். உங்கள் ஃபெர்மென்டரும் அங்கேதான் இருக்கும். சமையலறை மேல் தட்டிலும் வேண்டாம். மசாலா வறுத்து இடித்து டப்பாவில் வைக்கிற வீட்டில் பிளாஸ்டிக் வாளியைப் பக்கத்தில் வைத்தால், வசந்தத்தில் வரும் பேல் ஏல் பீரில் சீரகம் தெரியும்.

சிஓ2 சிலிண்டரை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். கணக்கைப் பாருங்கள்: 5 கிலோ சிலிண்டர் கசிந்தால் ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் 3 கன மீட்டருக்கும் மேல் வாயு வரும். மூன்றுக்கு நான்கு மீட்டர் படுக்கையறை சுமார் 30 கன மீட்டர், அப்படியென்றால் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவு சில நிமிடங்களில் மயக்கம் போடவைக்கும், அதுவும் காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு படுத்திருப்பவர் மேலேயே முதலில் தேங்கும். இரண்டு கார் நிற்கிற கராஜ் 90 கன மீட்டர் இருக்கும், அங்கே அதே கசிவு மூன்று நான்கு சதவீதம், தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம், ஆனால் கதவைத் திறக்க நேரம் இருக்கும். அதனால் சிலிண்டர் கராஜில், நிமிர்த்தி, சங்கிலியால் சுவரோடு கட்டி, வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி.

ஜூலையில் ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்து 'காஸ் போச்சு' என்று பதறவும் வேண்டாம். 20 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 57 பார், பூஜ்யத்தில் சுமார் 35 பார். முள் இறங்குவது குளிரால். எவ்வளவு மிச்சம் என்று அறிய எடைபோட்டுப் பார்ப்பதுதான் வழி.

மறைந்திருக்கும் செலவு: இடம், பிறகு வீட்டாரின் பொறுமை. விரத மாதங்களில் இந்த இடம் பல வீடுகளில் பேச்சுக்கே எடுபடாது.

எப்போது இது சரி: ஃபிளாட்டில் இருக்கிறீர்கள், சின்ன செட், ஒரு வாளி, ஒரு பானை.

## 4. வாடகைக் கிடங்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இது பிடிக்கவில்லை. பூட்டும் காவலும் நன்றாக இருக்கும், எலி குறைவு, ஆசிட் பக்கத்தில் இருக்காது. ஆனால் மாத வாடகை, முன்பணம், தனிக் காப்பீடு, போய்வர பெட்ரோல் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஐந்து மாதத்தில் அது ஒரு நல்ல கெக்கின் விலையை நெருங்கிவிடலாம். அழுத்தக் காஸ் சிலிண்டரையும் உணவுப் பொருளையும் பெரும்பாலான கிடங்குகள் அனுமதிப்பதில்லை, அதனால் சிஓ2வுக்கும் மால்ட்டுக்கும் வேறு இடம் தேடத்தான் வேண்டும். தகரக் கூரை போட்ட கிடங்கு என்றால் குளிர் விஷயத்தில் வெண்டி ஹவுஸைவிடப் பெரிதாக ஒன்றும் மேலில்லை.

எப்போது இது சரி: வீடு மாறுகிறீர்கள், அல்லது வேறு சாமானுக்காக ஏற்கெனவே வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள்.

## ஒரே பார்வையில்

| | கராஜ் | வெண்டி ஹவுஸ் | வீட்டுக்குள் | வாடகைக் கிடங்கு |
|---|---|---|---|---|
| உறையும் ஆபத்து | குறைவு, கதவோரம் தவிர | அதிகம் | இல்லை | கூரையைப் பொறுத்து |
| ஈரம் | குறைவு | அக்டோபர் வரை குறைவு | காஸ் ஹீட்டர் இருந்தால் உண்டு | குறைவு |
| வாடை, ரசாயனம் | ஆசிட், பெட்ரோல் | தோட்ட மருந்து | மசாலா, கற்பூரம் | இல்லை |
| சிஓ2 சிலிண்டர் | வைக்கலாம் | காற்றுப் போக வழி இருந்தால் | கூடாது | பெரும்பாலும் அனுமதி இல்லை |
| செலவு | சின்னது | பூட்டு, காப்பீடு | பணமில்லை | மாதாமாதம் |
| ஐந்து மாதத்துக்கு | நல்லது | மழையில் சிக்கும் | விரத வீட்டில் கடினம் | விலை ஏறும் |

## நான் எதைச் சொல்வேன்

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? செங்கல் கராஜ் இருந்தால் கனமான ஸ்டீலும் சிலிண்டரும் அங்கே, உள்சுவர் ஓரமாகத் தட்டின் மேல். பிஎச் மீட்டர், ஹைட்ரோமீட்டர், ஓ-ரிங், குழாய் எல்லாம் ஒரு மூடிய பெட்டியில் வீட்டுக்குள். அந்தப் பெட்டியைப் பார்த்து யாரும் பீர் என்று சொல்ல மாட்டார்கள்.

கெக்குகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூட. காலியாகக் காயவைத்து மூடியைத் திறந்து வைப்பதைவிட, நன்றாகக் கழுவி, கிருமிநாசினியைச் சிஓ2வால் முழுக்க வெளியே தள்ளி, கொஞ்சம் அழுத்தத்தோடு மூடி வைப்பது எனக்குப் பிடிக்கும். பூச்சி நுழையாது. மறுபடி எடுக்கும்போது வால்வை அழுத்திப் பார்த்து 'புஸ்' என்று வந்தால் சீல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வராவிட்டால் எந்த ஓ-ரிங் மாற்ற வேண்டும் என்று அன்றே தெரிந்துவிடும். உள்ளே நிற்கும் ஒன்றிரண்டு ஸ்பூன் திரவத்துக்கு விரிய இடம் தாராளமாக இருப்பதால் அது உறைந்தாலும் கெக்குக்கு ஒன்றும் ஆகாது.

விரதம் இல்லாத வீட்டுக்காரர்களிடம் வேறு மாதிரி சொல்வேன்: ஏன் கட்டி வைக்கிறீர்கள்? லாகர் என்ற வகை பீரின் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 12 டிகிரி வேண்டும். கோடையில் அதற்காக ஃபிரிட்ஜை நாள் முழுக்க ஓட்ட வேண்டும், லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஜூலையில் கராஜ் தானாகவே அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அணைத்துவைத்த ஃபிரிட்ஜுக்குள் ஃபெர்மென்டரை வைத்துக் கதவை மூடினால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் உள்ளே அவ்வளவாகத் தெரியாது. மிகக் குளிரான இரவுகளுக்கு ஒரு ஹீட் பெல்ட்டும் தெர்மோஸ்டாட்டும் போதும். அப்படிச் செய்தால் இந்த வருஷம் ஒதுக்கி வைக்க வேண்டியது செம்புச் சுருள் மட்டுமே, அதுவும் காய்ச்சாத வாரங்களில்.